அரை இட்லி

வடித்த சோற்றின் ஆவி அடங்கும்வரை தராசின் பக்கம் போகக் கூடாது என்பது சாந்தாமணி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். சூட்டோடு எடை போட்டால் ஒரு கணக்கு வரும், ஆறினால் இன்னொரு கணக்கு வரும். ஆவியாய்ப் போன எடைக்குக்கூட நியாயம் கேட்டு வருகிற ஏழு பேருக்கு அவள் சோறு போடுகிறாள். அதனால் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிவிட்டு, உள்ளே தாழ் போட்ட சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து காத்திருப்பாள். கை சும்மா இருந்தால் மனசு மேயப் போய்விடும். திருப்பூரில் வாக்கப்பட்ட மகளிடம் போகும், வாங்க மறந்த கடுகிடம் போகும், ஒழுகுகிற வீட்டு ஓட்டிடம் போகும். இன்றைக்கு அது எங்கும் போகவில்லை. முளையில் கட்டின எருமை போல ஒரு அரை இட்லியையே சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் நவநீதன் தட்டில் அரை இட்லியை மிச்சம் வைத்துவிட்டான். வேறு வீட்டில் இது ஒரு சேதியா? காக்கைக்குப் போடுவார்கள், இல்லையென்றால் சாயங்காலம் உதிர்த்துத் தாளித்துவிடுவார்கள். பொள்ளாச்சிக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் இந்த இல்லத்தில், அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்தத் தட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சிப் பார்த்ததில்லை. ஏழு பேருமே வளர்ந்த ஆட்கள், ஏழு பேருக்கும் பிறவியிலேயே ஒரே நோவு. பிராடர் வில்லி என்று டாக்டரம்மா சொல்லும் பெயர் சாந்தாமணியின் வாயில் நிற்காது. கேட்டால் ‘வயிறு நெறஞ்ச சேதி தலைக்குப் போய்ச் சேராத நோவு’ என்பாள். தின்னத் தின்ன இன்னும் பசிக்கும். நிறுத்தத் தெரியாது. விட்டால் வயிறு கிழிகிறவரை தின்பார்கள், கிழிந்தாலும் வலி தெரியாது. அப்படிப்பட்டவன் மிச்சம் வைத்திருக்கிறான். மற்றவர்கள் கை கழுவப் போன நேரம், டம்ளருக்குப் பின்னால் அது வெள்ளையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முந்தானையைப் போட்டு மூடி, அப்படியே அள்ளிக்கொண்டு வந்து மாட்டுக் கழனித் தொட்டியில் போட்டுவிட்டாள். வேறு யாராவது கண்டிருந்தால் அந்த அரை இட்லிக்கு ஒரு குருக்ஷேத்திரமே நடந்திருக்கும். அதுவரைக்கும் செய்தது சரி. அதற்கப்புறம் ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருக்கிறாளே, அதுதான் சரியா தப்பா என்று தெரியவில்லை.

நல்லது நடந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், நாலு பேர் காதில் விழுந்தால் கண் பட்டுவிடும் என்று நினைத்தாள். நல்லதுதானே? அவன் தானாகவே கையை எடுத்தான் என்றால் நல்லதுதானே? பழனி முருகனிடம் அவள் ரொம்ப நாளைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்: இந்தப் பையன் ஒருநாளாவது தன் வாயால் போதும் என்று சொல்லட்டும், வந்து முடி இறக்குகிறேன். பெற்ற மகளுக்குக்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை. காலையில் தட்டைக் கழுவும்போதே மொட்டைத் தலையோடு மருமகன் முன்னால் போய் நிற்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை போகலாமா, கிருத்திகைக்குப் போகலாமா, கூட்டமாக இருக்குமே என்றெல்லாம் யோசனை ஓடியது. ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரம்மாவின் குரல் குறுக்கே வந்து விழுந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்து எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தாரே, அன்றைக்குச் சொன்னது. “எப்ப சாப்பாடுங்கற சந்தேகம் இவங்களுக்கு வரக் கூடாது. இன்னும் கொஞ்சம் கெடைக்குமோங்கற ஆசையும் வரக் கூடாது. அப்பதான் ஏமாத்தம் இருக்காது” என்றார். அதற்குப் பிறகு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்புகிறபோது இன்னொன்றும் சொன்னார். “இவங்கள்ல யாராச்சும் சாப்பாடு வேண்டாம்னா சந்தோஷப்படாதீங்க. பெரிய நோவா இருக்கும். அடுப்ப அணைச்சுட்டு வண்டில ஏத்துங்க.” வேண்டாம் என்றால். ஒரு வேளை வேண்டாம் என்றாலா, ஒரு நாள் முழுக்க வேண்டாம் என்றாலா? அதுதான் இப்போது ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டில் காஸை மூடினோமா இல்லையா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மூடித்தான் இருந்தது. மூடின காஸுக்குக் கவலைப்பட்டு, கேட்க வேண்டியதைக் கோட்டைவிட்டாள். எப்படியானாலும் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒன்றரை இட்லி தின்றானே. ஒன்றரை தின்றவனை வேண்டாம் என்று சொன்னவன் கணக்கில் சேர்க்க முடியுமா?

தாம்பாளத்துச் சோற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆற வேண்டும். போதும் என்ற சொல்லை அவள் ஆயுசில் ஒருநாளும் நம்பியதில்லை, அதுவும் ஒரு இடைஞ்சல். இங்கே வருவதற்கு முன்னால் கொழுந்தனாரின் சமையல் கோஷ்டியோடு கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் பந்தி பரிமாறினவள். காங்கேயம், தாராபுரம், உடுமலை என்று அவள் கால் படாத மண்டபம் இல்லை. பந்தியில் போதும் என்பது ஒரு மரியாதைப் பேச்சு. அதைக் கேட்டுக் கையை நிறுத்துகிறவளுக்குப் பரிமாறத் தெரியாது என்று அர்த்தம். இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்பார்கள். சாந்தாமணி விரலிடுக்கு பார்த்து ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போவாள். “அந்தம்மா கை தாராளமுங்க” என்று மாப்பிள்ளை வீட்டு ஒறம்பறைகள், சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கையைத்தான் கட்டிப்போட்டு இங்கே கிராம் கணக்குக்குப் பழக்கினாள். முதல் மாதம் அழுதாள் என்றே சொல்லலாம். தட்டில் சோறு வைத்துவிட்டு ‘போதுமா?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும், ஆசை கிளம்பிவிடும், ஆசை கிளம்பினால் தட்டு பறக்கும். முற்றத்தில் எதிர்ப்படுகிறவர்களைப் பார்த்து ‘சாப்ட்டீங்களா?’ என்று கேட்கக் கூடாது. மனுஷனைக் கண்டால் வேறு என்னதான் கேட்பது? கொஞ்ச நாள் அவள் எதிரே வந்தவர்களைப் பார்த்து வெறுமனே தலையை ஆட்டிக்கொண்டு ஊமை மாதிரி போனாள். அப்புறம் ‘வெயிலுங்களா?’ என்று கேட்கப் பழகினாள். மழை கொட்டும்போதும் வாய் அதையே கேட்டுவிடும். வேலைக்காரர்கள் சாப்பிடுவது சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, திருடித் தின்கிற மாதிரி. தின்ற கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தாலும் நவநீதன் கண்டுபிடித்துவிடுவான். “நீங்க வெங்காயத் துவையலுங்களா, சாந்தாக்கா?” என்பான், வருத்தமாக, ஏமாற்றிவிட்டாயே என்கிற குரலில்.

சன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எபினேசர் சார், இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கம்பிவலைக்கு அந்தப்புறம் நின்று நெற்றியைத் துடைத்தார். “எல்லாம் ரெடிங்களா?” என்றார். “ஆறிட்டே இருக்குதுங் சார்” என்றாள். போகவில்லை, நின்றார். “இந்த நவநீதன் இன்னிக்கு ஒரு தடவகூட எங்கிட்ட வந்து மணி கேக்கல. கவனிச்சீங்களா? பொறுமை வந்துருச்சு பையனுக்கு” என்று சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காலையில அரை இட்லி மிச்சம் வெச்சுட்டானுங் சார், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போடுவார், டாக்டரம்மா கூட்டி வாருங்கள் என்பார், பையனை அங்கே ஊசியும் குழாயுமாகப் படுத்துவார்கள், கடைசியில் ஒன்றுமில்லை, நல்ல பழக்கம்தான் என்பார்கள். அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்து, இருந்த நல்லதும் போய்விடும். “ஆமாங் சார், நல்லாத்தான் இருக்கறான்” என்றாள். அவர் போய்விட்டார். போன பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லாத்தான் இருக்கறான். அவள் சொன்ன பேச்சு அவள் காதுக்கே யாரோ சொன்னது மாதிரி இருந்தது.

சோறு ஆறிவிட்டது. ஏழு தட்டையும் வரிசையாக வைத்துத் தராசை எடுத்தாள். எடை சரியாக இருந்தால் மட்டும் இவர்களிடம் தப்பிக்க முடியாது, பார்வைக்கும் சரியாக இருக்க வேண்டும். ஒரு தட்டில் சோறு குவிந்தும் இன்னொன்றில் பரந்தும் இருந்தால் பரந்தது குறைச்சல் என்று சண்டை. ஒரு தடவை சேதுராமன், இருப்பதில் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர், அடுத்த தட்டுக் குவியல் ஒரு விரற்கடை உயரம் என்று தட்டைச் சுவரில் அடித்துவிட்டார். அதிலிருந்து சாந்தாமணி எடை போட்ட சோற்றை ஒரு கிண்ணத்தில் அமுக்கி, தட்டில் கவிழ்த்து எடுப்பாள். ஏழு தட்டிலும் ஒரே அச்சு. சுரைக்காய்ப் பொரியல் தாராளமாக, வெள்ளரிக்காய் அதைவிடத் தாராளமாக, தட்டைப்பயறு குழம்பு கரண்டி மட்டத்துக்கு. எல்லாத் தட்டும் மூடியோடு ஒரே சமயத்தில் போகும், ஒரே சமயத்தில் திறக்கும். நூற்றிருபது கிராம் சோறு. நவநீதனுக்கும் நூற்றிருபதுதான். அவன் இங்கே வந்த அன்றைக்கு நடக்கவே முடியவில்லை, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். வீட்டில் ஃபிரிட்ஜைச் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாராம் அவன் அம்மா ருக்மணி. அதை உடைத்தான். அப்புறம் எருமைக்கு ஊறப்போட்டிருந்த புண்ணாக்கைத் தொட்டியோடு தின்றான். பக்கத்து வீட்டுக்காரிகள் மதில்மேல் முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டு, “பெத்தவளா இவ? ஒத்தப் புள்ளையப் பட்டினி போடறாளே” என்று தெரு முழுக்கப் பேசினார்கள். பட்டினி போட்ட பிள்ளை நூறு கிலோவைத் தாண்டியிருந்ததை எந்தப் புண்ணியவதியும் யோசிக்கவில்லை. ருக்மணிக்குக் கிருஷ்ண பக்தி, நவநீதன் என்று வெண்ணெயின் பெயரை வைத்துவிட்டு, வெண்ணெயைக் கண்ணில் காட்டாமல் வளர்க்க வேண்டியதாகிவிட்டது. இங்கே வந்து கிராம் கிராமாக இளைத்தான். இப்போது தோட்டத்தைச் சுற்றி நடக்கிறான், பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற பையன் மாதிரி இருக்கிறான், சின்னக் கையும் சின்னக் காலுமாக. அந்தக் கையால் ஆயிரம் துண்டுப் படத்தைப் பிரித்துப்போட்டுச் சேர்ப்பான். வானத்துத் துண்டுகள் எல்லாம் ஒரே நீலம். எதை எங்கே வைப்பது என்று சாந்தாமணிக்குத் தலை சுற்றும். அவனுக்குச் சுற்றாது. அவனைப் பெற்றிருக்கலாமே என்று அவள் நினைத்ததுண்டு. நினைத்தவுடன் ருக்மணியின் முகம் ஞாபகம் வந்து வெட்கமாகிவிடும்.

ஏழாவது கிண்ணத்தைக் கவிழ்த்தபோதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. எண்ணிப் பார்த்தாள், தட்டு சரியாக இருந்தது. கரண்டி, டம்ளர், எல்லாம் இருந்தன. குறைந்தது சத்தம். இந்த நேரத்துக்குக் கதவுக்கு வெளியே நவநீதன் நின்றுகொண்டிருக்க வேண்டும். முற்றத்துப் பலகையில் என்ன சாப்பாடு என்று எழுதிப் போட்டிருந்தாலும், அதைப் பத்துத் தடவை படித்திருந்தாலும், கதவில் வாயை வைத்து “இன்னிக்கு என்னுங்க்கா?” என்பான். “சொரக்கா பொரியல், தட்டப்பயிறு கொழம்பு, சாமி.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “என்னுங்க்கா?” எரிச்சலாக வரும். ஒருநாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து அந்தச் சத்தம் இல்லை, அதை அவள் அமைதி என்று எடுத்துக்கொண்டாள். எபினேசர் சார் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். வெளியே இப்போது கேட்டது சேதுராமனின் இருமல். “சாந்தாமணி, நேரமாச்சு, நேரமாச்சு” என்றார். “இன்னும் ஆகலீங்ண்ணா. மணி அடிப்போம்” என்று சொல்லிக்கொண்டே கம்பிவலை சன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் நவநீதன் படமேசையின் முன் உட்கார்ந்திருந்தான். அப்பாடா என்றிருந்தது. விளையாடுகிறான், அதுதான் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். துண்டுகள் மேசையில் கிடந்தன. கை மடியில் கிடந்தது. ஒரு துண்டையும் எடுக்கவில்லை. சட்டையின் கீழ்ப் பித்தான் ஒன்று திறந்திருந்தது. புழுக்கத்துக்குத் திறந்திருப்பான். புழுக்கத்துக்கு மேல் பித்தானைத்தானே திறப்பார்கள்?

அவன் கண்ணை மூடினான், திறந்தான். தூக்கமாக இருக்கும். இவர்கள் பகலில் தூங்கி விழுகிறவர்கள்தான். சாந்தாமணி சன்னலை விட்டு வந்தாள், தட்டுகளுக்கு மூடி போட்டாள், போட்ட மூடியை எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டாள். மகள் கீர்த்தனா குழந்தையில் எத்தனை வாய்ச் சோற்றைத் துப்பியிருக்கிறாள். ஒரு உருண்டைக்கு ஊரைச் சுற்றி வர வேண்டும், நாயைக் காட்டி, பஸ்ஸைக் காட்டி, பூச்சாண்டியைக் காட்டி. பாதிக் கிண்ணம் மிச்சம் வைப்பாள். ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு அவளே ஒரு பிள்ளை பெற்று அதன் பின்னால் கிண்ணத்தோடு ஓடுகிறாளே. மிச்சம் வைப்பது குழந்தைகளின் சுபாவம். ஆனால் அது கீர்த்தனா. இவன் நவநீதன். இவனுக்கு அது சுபாவமில்லை. சுபாவம் மாறாதா? மருந்து கொடுக்கிறார்கள், நடக்க வைக்கிறார்கள், இத்தனை வருஷமாகத் தவம் கிடக்கிறார்கள், ஒருநாள் மாறக் கூடாதா? கிடைக்குமோ என்று ஆசைப்படாதே என்று ஏழு பேருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற சாந்தாமணிதான் இப்போது அந்த ஆசையை வாய் நிறைய மென்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கே அது தெரிந்தது, தெரிந்தும் துப்ப முடியவில்லை. வயிற்றுக்குள் பயம் ஒரு பக்கம் சுருண்டு படுத்திருந்தது. அதை எழுப்பாமல், மெதுவாகக் காலை எடுத்து வைத்துச் சுற்றிப் போனாள். மத்தியானம் தெரிந்துவிடும். மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டான் என்றால் காலையில் ஏதோ மந்தம் என்று விட்டுவிடலாம். தின்னவில்லை என்றால்? தின்பான். வெள்ளரிக்காய் இருக்கிறதே, வெள்ளரிக்காய் என்றால் அவனுக்கு உயிர்.

மணி அடித்தது. ஏழு தட்டையும் பெரிய தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு போய், அவரவர் முன்னால் வைத்து, கையைக் காட்டினாள். மூடிகள் ஒன்றாகத் திறந்தன. வழக்கம்போல ஏழு ஜோடிக் கண்கள் முதலில் பக்கத்துத் தட்டைத்தான் பார்க்கும், அப்புறம்தான் தன் தட்டுக்கு வரும். இன்றைக்கு ஆறு ஜோடிதான் பார்த்தன. நவநீதன் கடைசியாக எழுந்து வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் தட்டை மட்டும் பார்த்தான். ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தான். கடித்தான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான். சாந்தாமணி சுவரோரம் நின்று தன் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விழுங்குடா சாமி. விழுங்கினான். கை மறுபடியும் தட்டுக்குப் போகும் என்று பார்த்தாள். போனது. தட்டின் விளிம்பைப் பிடித்து, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தியது. “போதுங்க்கா” என்றான் நவநீதன். மேசையில் மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. சேதுராமன் வாயில் சோற்றோடு தட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த ஃபர்ஹானா தட்டைப் பார்த்தாள், எல்லாரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள். கவிழ்த்த அச்சு கலையாமல் சோறு அப்படியே இருந்தது. இந்த இல்லத்தில் மேசையில் என்ன நடந்தாலும் முதலில் தட்டைத்தான் எடுக்க வேண்டும், அதுதான் சட்டம். சாந்தாமணி தட்டை எடுக்கவில்லை. நேராக அவனிடம் போய் மண்டியிட்டாள். ஃபர்ஹானாவின் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு சோற்றை அள்ளியது. அள்ளட்டும். சட்டையைத் தூக்கி அவன் வயிற்றில் கையை வைத்தாள். தண்ணி நிரம்பிய குடம் மாதிரி இறுகி நின்றது. நெற்றி ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. அவளுக்குச் சகலமும் தெரிந்துவிட்டது. காலையிலேயே தெரியும், தெரிந்துதான் அத்தனை நேரமும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

“வலிக்குதா சாமி?”

“இல்லீங்க்கா. சோறுதான் வேண்டாம்.” சொல்லிவிட்டு, தப்பு செய்தவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். “கோவமுங்களா?”

“எனக்கென்ன கோவம், கண்ணு. ஒம்மேல இல்ல” என்றவள் தலையைத் திருப்பிக் கத்தினாள். அவள் குரல் அந்தக் கூடத்தில் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எபினேசர் சார் ஓடி வந்தார். “சோறு வேண்டாங்கறானுங் சார்” என்றதும் அவர் முகத்தில் இருந்த கேள்வியெல்லாம் போய்விட்டது. ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இருவருமாக நவநீதனைத் தாங்கி வாசலுக்கு வந்தபோது சாந்தாமணி சொன்னாள்: “காலைலயே அரை இட்லி வெச்சுட்டானுங் சார். நாந்தான் சொல்லல. நல்லதுன்னு நெனச்சுட்டனுங்.” அவர் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். “அத அப்படியே டாக்டர்ட்ட சொல்லுங்க. ஒண்ணும் மறைக்காதீங்க. ஏறுங்க” என்றார்.

வண்டி தோப்புச் சாலையில் போனது. நவநீதன் அவள் மடியில் தலை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு, தென்னை தென்னையாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலியில்லை, அழுகையில்லை, ஒரு முனகல்கூட இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு தாயும் பிள்ளையும் ஊருக்குப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அவன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதை எண்ணாமல் எண்ணிக்கொண்டு, காலையிலிருந்து தான் தின்று தீர்த்த நேரத்தை நினைத்தாள். அந்த நேரத்துக்குள் கோயமுத்தூருக்கே போயிருக்கலாம். டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டும், எப்போது மிச்சம் வைத்தான், எப்போது கதவுக்கு வரவில்லை, எப்போது பித்தானைத் திறந்தான். எல்லாம் அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். எபினேசர் சார் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தன் போனைப் பின்னால் நீட்டினார். “அவங்க அம்மாவுக்குச் சொல்லிருங்க. பதறாமச் சொல்லுங்க.” கோபியில் இருந்த அவன் வீட்டுக்குப் போன் போனது. இரண்டாவது மணியிலேயே ருக்மணி எடுத்துவிட்டார்.

“ஆரு, சாந்தாவா? என்ன கண்ணு இந்நேரத்துக்கு? சாப்பாட்டு வேளையாச்சே, பையன் சாப்ட்டானா?”

“இல்லீங்க்கா.” போனை மறு காதுக்கு மாற்றினாள். “சோறு வெச்சனுங். போதும்னுட்டான்.”

“என்ன சொன்னான்?” என்று மெதுவாகக் கேட்டார் ருக்மணி.

“போதும்னானுங்க.”

“அவனேவா? அவன் வாயாலயேவா?” ருக்மணியின் குரல் தழுதழுத்து, உடைந்து, சிரிப்பாக மாறியது. போனைக் காதிலிருந்து எடுத்து வீட்டுக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. “ஏனுங்க, இங்க வாங்க, சித்த ஓடியாங்க. நம்ம பையன் போதும்னு தட்ட வெச்சுட்டானாமா. நெசமாத்தானுங்க, சாந்தா சொல்லுது.” செருப்பில்லாத கால்கள் ஓடி வருகிற சத்தம், ஒரு ஆம்பளையின் குரல், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது, எல்லாம் காதுக்குள் வந்து விழுந்தது. காலையிலிருந்து தான் வைத்துக்கொண்டிருந்த அதே சந்தோஷம்தான். தனக்காவது இத்தனை நேரம் கிடைத்தது, இவருக்கு ஒரு நிமிஷம்கூட விட முடியாது என்று நினைத்து, சாந்தாமணி போனில் குரலை உயர்த்தினாள்.

“அக்கா, சிரிக்காதீங்க. கேளுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கறமுங்க. நீங்க ரெண்டு பேரும் இப்பவே பொறப்பட்டு வரோணும்.”

சிரிப்பு நின்றது. உள்ளே எங்கோ குக்கர் விசிலடித்தது, அதை யாரும் அணைக்கவில்லை.

“ஏன் சாந்தா?” என்றார் ருக்மணி. “போதும்னா நல்லதுதான கண்ணு?”

“நம்ம பையனுக்கு இல்லீங்க்கா.”